எரிவாயு அலுவலகத்தின் மாடி

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரக் கலைக்கூடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் மாடிக்குத்தான் போக வேண்டும். 1885இல் அது திறக்கப்பட்டபோது கீழ்த்தளத்தில் இருந்தது நகராட்சியின் எரிவாயுத் துறை அலுவலகம். நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் வரிப்பணத்திலிருந்து மிகச் சிறு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அன்றைய சட்டம் விதித்திருந்தது. ஆனால் எரிவாயுத் துறை தனக்கு ஓர் அலுவலகம் கட்டிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. துறையிடம் லாபப் பணமும் இருந்தது. ஆகவே கீழே கட்டணம் வசூலிக்கும் மேசைகளும் மேலே ஓவியங்களுமாகக் கட்டடம் எழுந்தது. தொழில் ஈட்டித் தந்த ஆதாயத்தால் கலையை வளர்க்கிறோம் என்ற பொருளில் கல்லில் ஒரு வாசகத்தையும் பொறித்து வைத்தார்கள்.

அந்த எரிவாயுவை ஊரின் சொத்தாக ஆக்கியவர் ஒரு திருகாணி வியாபாரி. ஜோசப் சேம்பர்லைன், 1873 நவம்பரிலிருந்து 1876 ஜூன் வரை, முழுதாக மூன்று ஆண்டுகூட இல்லாத காலம், பர்மிங்காமின் மேயராக இருந்தார். வியாபாரத்தில் வென்றவரிடம் ஊரைக் கொடுத்தால் கம்பெனி மாதிரி நடத்திக் காட்டுவார் என்ற பேச்சு இன்று எல்லா நாடுகளிலும் கேட்கிறது. அதற்கு முன்னோடியாகச் சேம்பர்லைனைக் காட்டுகிறவர்களும் உண்டு. அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது வேறு. எந்தெந்தப் பண்டம் கம்பெனியின் கையில் இருக்கக் கூடாது என்பதை ஒரு கம்பெனிக்காரராக இருந்து கற்றவர் அவர். அவருடைய பெருமை அதில் இருக்கிறது. அவர் எங்கே தவறினார் என்பதற்கும் அந்தக் கம்பெனிக் கணக்கிலேயே விடை இருக்கிறது.

திருகாணியிலிருந்தே தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தில் செய்த மரத் திருகாணிகளின் முனை மழுங்கலாக இருக்கும். தச்சர் முதலில் தமரால் துளை போட்டுவிட்டுத்தான் ஆணியை உள்ளே திருக முடியும். கூர்முனைத் திருகாணியைத் தானாகவே கடைந்து தள்ளும் இயந்திரத்தை அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். பர்மிங்காமில் திருகாணி செய்துவந்த ஜான் சட்டன் நெட்டில்ஃபோல்ட் அதைப் பார்த்ததும் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டார். இந்த இயந்திரத்தை வாங்குகிறவர் பிழைப்பார், வாங்காதவர் தொழிலை மூட வேண்டியிருக்கும். பிரிட்டனில் அதைப் பயன்படுத்தும் உரிமைக்கும் ஆலைக்குமாக 30,000 பவுண்டு தேவைப்பட்டது. கையில் அவ்வளவு இல்லை. லண்டனில் செருப்பு மொத்த வியாபாரம் செய்த மைத்துனரிடம் கேட்டார். அவர் 10,000 பவுண்டு போட்டார். போட்ட பணத்தைக் கவனித்துக்கொள்ளத் தன் மகனையும் அனுப்பினார். 1854இல், 18 வயதில், பர்மிங்காமில் வந்து இறங்கிய அந்தப் பையன்தான் ஜோசப்.

பள்ளியில் கெட்டிக்காரன். ஆனால் 16 வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். குடும்பம் யூனிடேரியன் சமயப் பிரிவைச் சேர்ந்தது. அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்ற அந்தப் பிரிவினருக்கு அன்று ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பட்டம் தராது. பதவியும் பட்டமும் மூடிக்கிடந்ததால் வியாபாரத்திலும் ஊர்ப்பொதுக் காரியங்களிலும் முழு மூச்சாக இறங்கிய கூட்டம் அது. பர்மிங்காமில் அந்தக் குடும்பங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, தொழிலிலும் கூட்டுச் சேர்ந்து, ஒரே பந்தாக இருந்தன. கூட்டாளிகளும் மைத்துனர்களும் அத்தை பிள்ளைகளும் பிரித்துப் பார்க்க முடியாத அந்த உலகம் நம் ஊர் வணிகக் குடும்பங்களை அறிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது.

ஆலைக்குள் இயந்திரங்களை அத்தை மகன் பார்த்துக்கொண்டான். கணக்கும் விற்பனையும் ஜோசப்பின் பொறுப்பு. அவன் செய்தவை சின்னச் சின்ன வேலைகள்தான். பிரான்சில் மெட்ரிக் அளவு புழங்குகிறது என்றால் அங்கே போகும் திருகாணிகளை அந்த அளவுப்படி கட்டு. அங்குள்ள கடைக்காரர் நீலத் தாளில் சுற்றிய பொட்டலத்துக்குப் பழகியிருந்தால் நீலத் தாளிலேயே சுற்று. ஒவ்வொரு நாட்டுக் கடைக்காரரின் கண்ணாலும் தன் சரக்கைப் பார்க்கத் தெரிந்திருந்தது. போட்டியாளர்களோடு நடந்தது இவ்வளவு சாந்தமான கதை இல்லை. பெரிய ஆலையும் புது இயந்திரமும் கையில் இருந்ததால் விலையை இறக்கி மற்றவர்களைத் திணறச் செய்ய முடிந்தது. சிலரை விலைக்கு வாங்கினார்கள், சிலர் கடையைக் கட்டினார்கள். இங்கிலாந்தில் செய்யப்படும் திருகாணிகளில் மூன்றில் இரண்டு பங்கு நெட்டில்ஃபோல்ட் அண்ட் சேம்பர்லைன் கம்பெனியிடமிருந்தே வரும் நிலை உண்டானது. சிறு ஆலைக்காரர்களை நசுக்கியவர் என்று பின்னாளில் அரசியல் எதிரிகள் சொன்னபோது ஆதரவாளர்கள் அதை மறுத்தார்கள். யார் சொல்வதை ஏற்றாலும் ஒன்று உறுதி. சந்தையில் ஒருவரே மிஞ்சும்போது விலை யார் கையில் இருக்கும் என்பதை இந்த மனிதர் ஏட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1874 தொடக்கத்தில் அப்பா இறந்தார். ஜோசப்பும் சகோதரர்களும் தங்கள் பங்கை நெட்டில்ஃபோல்ட் குடும்பத்துக்கே விற்றார்கள். மொத்தம் 6 லட்சம் பவுண்டு. அதில் ஜோசப்பின் பாகம் 1,20,000. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அப்போது அவர் மேயராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. இனி ஊர்வேலை தவிர வேறு வேலை இல்லை.

அவர் வந்து சேர்ந்த காலத்துப் பர்மிங்காம் எப்படி இருந்தது? 1838இல்தான் அதற்கு நகராட்சி கிடைத்தது. 1871 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,43,000க்கு மேல். துப்பாக்கி, பித்தளைச் சாமான், பொத்தான், பேனா முள், நகை என்று ஆயிரம் பட்டறைகள். அவ்வளவு பெரிய ஊரின் நகர்மன்றத்தை நெடுங்காலம் கையில் வைத்திருந்தவர்கள் தங்களைச் சிக்கனக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஜோசப் ஆல்டே என்பவர் தலைவர். பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். ‘ஓல்டு உட்மேன்’ என்ற மதுக்கடையில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். வரியைக் கூட்டாமல் இருப்பதே அவர்களுடைய கொள்கை. இவர்களைக் கெட்டவர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சிறு கடைக்காரருக்கு வரி என்பது அடுப்பில் உலை வைப்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் சாக்கடை இல்லாத ஊரில் சிக்கனம் பிடித்தால் அந்தச் செலவு வேறு கணக்கில் எழுதப்படும். அங்கே அது சவக்குழிக் கணக்கில் எழுதப்பட்டது.

மாற்றம் முதலில் வந்தது தேவாலய மேடைகளிலிருந்து. ஜார்ஜ் டாசன் என்ற போதகர், ஊர் என்பது வெறும் கட்டடக் கூட்டம் அல்ல, மனிதர்கள் ஒருவருக்கொருவர் கடன்பட்டு வாழும் இடம் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிவந்தார். ஆர். டபிள்யூ. டேல் என்ற இன்னொரு போதகர், நகர்மன்றத்தில் உட்கார்ந்து வடிகாலைப் பற்றி விவாதிப்பதும் இறைப்பணியே என்றார். பெரிய ஆலைக்காரர்கள் இதைக் கேட்டார்கள். அதுவரை நகர்மன்றத்தைத் தங்கள் தகுதிக்குக் குறைவான இடம் என்று எண்ணியவர்கள் வார்டுத் தேர்தலில் நிற்கத் தொடங்கினார்கள். சேம்பர்லைன் அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளிகளுக்கு வரலாறும் கணக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி வேண்டும் என்று 1869இல் தொடங்கிய தேசியக் கல்விச் சங்கத்தில் முன்னால் நின்றார். அதே ஆண்டு கவுன்சிலர், நான்கு ஆண்டில் மேயர். அன்று மேயரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றமே தேர்ந்தெடுக்கும். பதவி ஓராண்டு, சம்பளம் கிடையாது. மற்ற ஊர்களில் அது மாலை மரியாதைக்கான பதவி.

பதவியேற்ற சில வாரங்களிலேயே அவர் எரிவாயுவைக் கையில் எடுத்தார்.

நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுதான் அன்று தெருவிளக்குக்கும் கடைக்கும் ஆலைக்கும் வெளிச்சம் தந்தது. பர்மிங்காமில் இரண்டு தனியார் கம்பெனிகள் அதை விற்றன. இரண்டும் அதே தெருக்களைத் தோண்டும், இரண்டும் தனித்தனியே குழாய் பதிக்கும். பாராளுமன்றச் சட்டம் தந்த உரிமையால் பங்குதாரர்களுக்கு 10 சதவீதம்வரை லாப ஈவு கொடுக்கலாம். சேம்பர்லைன் மன்றத்தில் இரண்டு நியாயங்களை வைத்தார். அரசு தந்த அனுமதியால் மட்டுமே நிற்கும் ஏகபோகம் எதுவோ அது மக்களின் பிரதிநிதிகள் கையில்தான் இருக்க வேண்டும் என்பது முதலாவது. நகராட்சிக்கு வேலை பெருகிக்கொண்டே போகிறது, வரியை மட்டும் நம்பி அதைச் செய்ய முடியாது, வேறு வருமானம் வேண்டும் என்பது இரண்டாவது.

கணக்கு எளிமையானது. 10 சதவீதம் எதிர்பார்க்கும் பங்குதாரருக்குப் பதிலாக, அதில் பாதிக்கும் குறைவான வட்டியில் திருப்தியடையும் கடன் கொடுப்பவரை வைத்துக்கொண்டால் நடுவிலுள்ள தொகை ஊருக்கு மிஞ்சும். ஒரு நகராட்சிக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கக் காரணம், அது ஓடிப்போகாது, அதன் வரி வருமானமே ஈடு. அந்த நம்பகத்தை, இதுவரை யாரும் காசாக்காத சொத்தாக, சேம்பர்லைன் பார்த்தார். விலை ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு. சிக்கனக்காரர்களின் ஊரில் அது தலைசுற்றும் தொகை. தயங்கியவர்களிடம் அவர் சொன்ன பதில் ஒரு வியாபாரியின் வாயில் மட்டுமே வரக்கூடியது. உங்களுக்குப் பயமாக இருந்தால் இந்தப் பேரத்தை எனக்கே குத்தகைக்கு விட்டுவிடுங்கள், ஆண்டுக்கு 20,000 பவுண்டு நகராட்சிக்குக் கட்டிவிடுகிறேன், 14 ஆண்டில் ஒன்றரை இரண்டு லட்சம் சம்பாதித்துக்கொண்டு ஓய்வெடுப்பேன் என்றார். மன்றம் பெரும் ஆதரவோடு ஒப்புக்கொண்டது. முதல் ஆண்டிலேயே சுமார் 34,000 பவுண்டு லாபம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வாயுவின் விலையையும் குறைத்தார்கள்.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் அவருடைய மனம் எப்படி வேலை செய்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. உழைப்பாளர்கள் வாழ்ந்த வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. ஓர் அறை ஆழம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அறைகள், பின்சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது, பின்பக்கச் சன்னல் கிடையாது. பத்துப் பதினைந்து வீடுகளுக்கு நடுவே ஒரு முற்றம். அந்த முற்றத்தில்தான் எல்லோருக்கும் பொதுவான கழிப்பிடக் குழியும் இருந்தது, கிணறும் இருந்தது. மண்ணுக்கு அடியில் அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நகராட்சியின் மருத்துவ அதிகாரி கிணற்று நீரைச் சோதித்து, குடிக்க லாயக்கற்றது என்று எழுதிக்கொண்டே இருந்தார். குழாய்நீர் தனியார் கம்பெனியிடம் இருந்தது. காசு கொடுக்க முடிந்த தெருக்களுக்கு அது போகும்.

13,50,000 பவுண்டுக்குத் தண்ணீர்க் கம்பெனியை வாங்க முடிவு செய்தபோது சேம்பர்லைன் ஒரு விதியைச் சேர்த்தார். எரிவாயுவில் லாபம் எடுக்கலாம், தண்ணீரில் எடுக்கக் கூடாது. தண்ணீரில் மிச்சம் வந்தால் அதைக் கட்டணத்தைக் குறைக்கவே பயன்படுத்த வேண்டும். விளக்குக்கு வாயு வேண்டியவர் ஓரளவு வசதியுள்ளவர். தண்ணீர் எல்லோருக்கும் உயிர். உயிர்மேல் வைக்கும் அதிகாரம் லாபம் தேடுகிறவரிடம் இருக்கக் கூடாது என்று பாராளுமன்றக் குழுவின் முன் வாதாடினார். 1876 தொடக்கத்தில் தண்ணீர் ஊரின் கைக்கு வந்தது. வெறும் கம்பெனி நிர்வாகி என்றால் இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதியிருப்பார். எதில் சம்பாதிக்கலாம், எதில் சம்பாதிப்பது பாவம் என்று பிரிக்கத் தெரிந்தவரை நான் மதிக்கிறேன். அந்தப் பிரிவினையை ஆலைக் கணக்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களுக்கும் அந்த முற்றங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த 1875 பிப்ரவரியில் மனைவி ஃபுளோரன்ஸ் பிரசவத்தில் இறந்தார். அவர் இரண்டாவது மனைவி. முதல் மனைவி ஹாரியட்டும் 1863இல் மகன் ஆஸ்டினைப் பெற்ற கையோடு போய்விட்டிருந்தார். 38 வயதில், ஆறு பிள்ளைகளோடு, இரண்டாம் முறை மனைவியை இழந்தவர். பொதுவாழ்வையே விட்டுவிடலாமா என்ற யோசனை வந்தது. விடவில்லை. அந்த ஆண்டில்தான் மிகப் பெரிய வேலையைத் தொடங்கினார்.

1875இல் பிரதமர் டிஸ்ரேலி அரசாங்கத்தின் உள்துறை அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நலக்கேடான குடியிருப்புகளை நகராட்சி மொத்தமாக வாங்கி இடித்துச் சீரமைக்க அது அதிகாரம் தந்தது. கட்சி வேறு என்றாலும் சேம்பர்லைன் அதை உடனே பற்றிக்கொண்டார். ஊரின் நடுவில் சுமார் 90 ஏக்கரைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதில் பாதியளவை வாங்கினார்கள். வில்லியம் வைட் என்ற கவுன்சிலர் அந்தச் சந்துகளில் நடந்துவிட்டு வந்து, ஈரம் ஊறி உதிரும் சுவர்களையும் வெளிச்சம் காணாத அறைகளையும் மன்றத்துக்கு விவரித்தார். திட்டம் வெளியே தெரிந்தால் நிலவிலை ஏறிவிடும் என்பது வியாபாரிக்குத் தெரியாதா? சட்டப்படியான அதிகாரம் கைக்கு வருமுன்பே இடங்களை வாங்கிப்போட ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார்கள். அதற்குச் சேம்பர்லைன் தன் சொந்தப் பணத்தில் 10,000 பவுண்டு கொடுத்தார்.

இடித்த இடத்தில் அகலமான ஒரு சாலை வந்தது, கார்ப்பரேஷன் தெரு. பாரிசின் பெருஞ்சாலைகள் கண்ணில் இருந்தன. இருபுறமும் நிலத்தை விற்காமல் 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். கடைகளை, அலுவலகங்களைத் தனியார் கட்டிக்கொள்வார்கள். குத்தகை முடிந்ததும் நிலமும் கட்டடமும் நகராட்சிக்கே திரும்பும். அன்று வாங்கிய கடனைப் பேரப்பிள்ளைகள் காலத்தில் வரும் சொத்து நியாயப்படுத்தும் என்பது கணக்கு. நிலத்தை விற்றுவிட்டு உடனே கைநிறையப் பணம் பார்த்திருக்கலாம். எழுபத்தைந்து ஆண்டுக்கு அப்பால் பார்த்த கண் அது.

அந்தக் கண்ணுக்குத் தப்பியவர்கள் முற்றங்களில் குடியிருந்தவர்கள். வீட்டுச் சொந்தக்காரருக்குச் சட்டம் ஈட்டுத்தொகை வாங்கித் தந்தது. வாரவாடகை கொடுத்துக் குடியிருந்தவருக்கு எதுவும் இல்லை. இடித்த வீடுகளுக்கு ஈடாக உழைப்பாளருக்கு வீடு அமைய வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். பர்மிங்காமில் அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 1890வாக்கில் ரைடர் தெருவில் நகராட்சி முதன்முதலாகக் கட்டிய வீடுகள் 22. அதற்குள் இடம்பெயர்ந்தவர்கள் பக்கத்துச் சந்துகளுக்குள் நெருக்கியடித்துப் புகுந்திருந்தார்கள்.

சேம்பர்லைனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தவறாமல் காட்டும் புள்ளிவிவரம் ஒன்று உண்டு. கார்ப்பரேஷன் தெரு அமைந்த பகுதியில் 1873-75இல் ஆயிரத்துக்கு 53 பேர் இறந்தார்கள். 1879-81இல் ஆயிரத்துக்கு 21. பிரமிக்க வைக்கும் எண்தான். ஆனால் முன்பு எண்ணப்பட்டவர்களும் பின்பு எண்ணப்பட்டவர்களும் ஒரே மனிதர்கள்தானா என்று கேட்க வேண்டும். இறந்துகொண்டிருந்தவர்கள் நலம் பெற்றதால் குறைந்த எண் எவ்வளவு, அவர்கள் வேறு வார்டுக்குப் போய்விட்டதால் குறைந்த எண் எவ்வளவு? தண்ணீராலும் வடிகாலாலும் ஊர் முழுக்கப் பல உயிர்கள் பிழைத்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. கார்ப்பரேஷன் தெருவின் எண்ணை மட்டும் அதற்குச் சாட்சியாக நிறுத்த நான் துணியமாட்டேன்.

பின்னாளில் அவர் நகராட்சியைக் கூட்டுப்பங்குக் கம்பெனிக்கு ஒப்பிட்டு எழுதினார். ஊர்மக்கள் ஒவ்வொருவரும் பங்குதாரர். ஆனால் லாப ஈவு காசாக வராது, நல்ல உடல்நலமாகவும் கூடுதல் சுகவாழ்வாகவும் மகிழ்ச்சியாகவும் வரும் என்றார். ஊராட்சியைப் பற்றி வியாபாரி ஒருவர் சொன்னவற்றில் இதைவிட உயர்ந்த கருத்தை நான் படித்ததில்லை. ஒரே ஒரு கேள்விதான் எஞ்சுகிறது. பங்குதாரர் பதிவேட்டில் யார் யார் பெயர் இருக்கிறது? முற்றத்துக் குடும்பங்களின் பெயர் அதில் மங்கலான மையில்தான் எழுதப்பட்டிருந்தது.

1876 ஜூனில் அவர் பாராளுமன்ற உறுப்பினரானார். பூங்கா, சாலை, சந்தை, வாயு, தண்ணீர் எல்லாம் மூன்று ஆண்டில் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டன என்று நண்பருக்குப் பெருமையோடு எழுதினார். அதன்பின் வந்த அரசியல் வாழ்வு முப்பது ஆண்டு நீண்டது. பிரதமர் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையில் வர்த்தக வாரியத் தலைவர். அயர்லாந்துத் தன்னாட்சிக்கு எதிராக 1886இல் தன் கட்சியைப் பிளந்தவர். 1903இல் சுங்கவரிப் பிரச்சினையில் தான் சேர்ந்திருந்த கூட்டணியையும் உலுக்கியவர். அந்தக் கதைகளுக்குள் இங்கே போகப்போவதில்லை. 1895 முதல் 1903 வரை காலனிகளின் அமைச்சராக இருந்ததை மட்டும் விட்டுவிட முடியாது. அந்தப் பதவியில் அவர் எடுத்த முடிவுகள் தமிழர்களைத் தொட்டன.

பதவியேற்ற சில வாரங்களில் பாராளுமன்றத்தில் பேசியபோது, காலனிகளைச் சரியாகப் பண்படுத்தாமல் கிடக்கும் பண்ணை நிலங்களுக்கு ஒப்பிட்டார். மூலதனம் போட்டால் விளையும் என்றார். பர்மிங்காமின் நடுவிலிருந்த 90 ஏக்கரைப் பார்த்த அதே பார்வை. ரயில், துறைமுகம், வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவப் பள்ளிகள் என்று அதனால் நடந்த வேலைகள் உண்டு. அந்த நிலத்தில் உழைத்தவர்களை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனி சாட்சி. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள், தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் மறு ஒப்பந்தமும் போடாமல் அங்கேயே தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும் என்ற நேட்டால் சட்டம் சேம்பர்லைனின் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியர் வாக்குரிமையைப் பறிக்க நேட்டால் கொண்டுவந்த முதல் மசோதா ஆசியர்கள் என்று வெளிப்படையாகப் பெயர் சொன்னதால் லண்டன் அதை ஏற்கவில்லை. பெயரைச் சொல்லாமல், அதே மனிதர்களைத் தடுக்கும் வேறு சொற்களில் எழுதி 1896இல் அனுப்பியபோது ஏற்றுக்கொண்டது.

1902 டிசம்பர் இறுதியில் சேம்பர்லைன் நேட்டாலின் டர்பனுக்கு வந்தார். அவரைச் சந்தித்து இந்தியர்களின் குறைகளைச் சொல்வதற்காகவே காந்தி இந்தியாவிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டிருந்தார். தூதுக்குழுவைச் சேம்பர்லைன் குளிர்ந்த முகத்தோடு வரவேற்றார். தன்னாட்சி பெற்ற காலனிகள்மேல் பேரரசுக்கு அதிக அதிகாரம் இல்லை, ஐரோப்பியர் நடுவில் வாழ வேண்டுமானால் அவர்களை அனுசரித்துத்தான் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து மூன்றரைக் கோடி பவுண்டு வாங்கிப்போக வந்தவர் என்று காந்தி தன் சுயசரிதையில் காரணமும் எழுதுகிறார். அடுத்து பிரிட்டோரியாவில் நடந்த சந்திப்பில் காந்தியைத் தூதுக்குழுவில் சேரவே அதிகாரிகள் விடவில்லை. எரிவாயுக் கம்பெனியின் பங்குதாரர்களைவிட ஊர் பெரியது என்று வாதாடிய மனிதர், வெள்ளைக் குடியேறிகளைவிட நேட்டால் பெரியது என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. இது என்னைக் கோபப்படுத்துகிறது. பர்மிங்காமில் அவர் செய்ததை மதிப்பதாலேயே கூடுதலாகக் கோபம் வருகிறது.

1906 ஜூலையில் அவருடைய எழுபதாம் பிறந்தநாளைப் பர்மிங்காம் திருவிழாவாகக் கொண்டாடியது. சில நாட்களில் பக்கவாதம் தாக்கியது. பிறகு எட்டு ஆண்டுகள் பேச்சுத் தடுமாறி, நடை தளர்ந்து, வாழ்ந்தார். 3 பவுண்டு வரியை எதிர்த்து 1913இல் நேட்டால் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் எழுந்தது. அந்தச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று நோயுற்று வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தாள். வயது 16. அந்த ஆண்டின் நடுவில் வரி ஒழிந்தது. சேம்பர்லைன் ஜூலை 2இல் இறந்தார்.

அவர் கட்டிவைத்த முறை அவருக்குப் பின்னும் நெடுநாள் ஓடியது. 1890இல் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் இதழ் பர்மிங்காமை உலகிலேயே சிறப்பாக ஆளப்படும் நகரம் என்று எழுதியது. 1904இல் வேல்ஸ் மலைகளின் ஏலன் பள்ளத்தாக்கிலிருந்து 73 மைல் தூரம், பம்பு வைக்காமல் சரிவிலேயே, தண்ணீர் ஊருக்கு ஓடிவந்தது. தண்ணீர் தனியார் கையில் இருந்திருந்தால் அவ்வளவு தொலைநோக்கான செலவை யார் செய்திருப்பார்கள் என்று தெரியவில்லை. இளைய மகன் நெவில், பின்னாளில் பிரதமரானவர், பர்மிங்காமின் மேயராக இருந்தபோது 1916இல் தொழிலாளர்களுக்காக நகராட்சிச் சேமிப்பு வங்கியைத் தொடங்கினார்.

பிறகு ஒவ்வொன்றாக ஊரின் கையை விட்டுப் போயின. 1949இல் எரிவாயுவை நாடு எடுத்துக்கொண்டது. 1974இல் தண்ணீர் வட்டார வாரியத்துக்குப் போனது. 1989இல் அந்த வாரியமே தனியார் கம்பெனியாகி, தண்ணீர் மறுபடி பங்குதாரர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகராட்சி தன் வரவால் செலவைத் தாங்க முடியவில்லை என்று சட்டப்படி அறிவித்தது. சொத்துகளை விற்பதற்கான பட்டியல்கள் தயாராயின.

லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் செய்யலாம் என்று 1914இல் அழைப்பு வந்தபோது குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். மணல் அள்ளிய பழைய பள்ளத்தில் அமைந்த கீ ஹில் கல்லறைத் தோட்டத்தில், நகைப்பட்டறைகளின் நடுவே, ஹாரியட்டும் ஃபுளோரன்சும் கிடந்த அதே குழியில் அவரை வைத்தார்கள்.